மழைக்கு இருநூற்று முப்பது

மேடையில் இருக்கும் சனசமூக நிலையத் தலைவர் தியாகராசா ஐயா அவர்களே, எங்கள் அச்சக உரிமையாளர் அடைக்கலநாதன் ஐயா அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் சிவக்கொழுந்து அம்மா அவர்களே, உடுப்பிட்டியில் இருந்தும் அயலூர்களில் இருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, தொண்டைமானாற்றில் இருந்து இந்த மழைக்குள் வந்து கடைசி வரிசையில் இருக்கும் பத்மாசினி அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரசாந்தி. அச்சகத்தில் பதாகைகளின் ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடிப்பது என் வேலை. எனக்குப் பேச வராது. எழுதி வந்ததை வாசிக்கிறேன். இடையில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிக்காமல் இறங்க மாட்டேன்.

எங்கள் அச்சகத்தின் பெரிய இயந்திரத்தைப் பதினொரு வருடங்கள் இயக்கியவர், வண்ண அச்சுத் தொழில்நுட்பவியலாளர் செல்வி தயாளினி அவர்கள். எட்டு நாட்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் அவரை இழந்தோம். முப்பத்தாறு வயது! இந்த ஊரில் எத்தனை கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் அவர் கையால் வந்தன? எத்தனை வீட்டு வாசல் படலைகளில் அவர் அடித்த முகங்கள் இன்னும் தொங்குகின்றன? அந்த முகங்களைப் பார்த்து அழுத நாங்கள், அவற்றை அடித்த கையை ஒரு நாளாவது நினைத்தோமா?

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். இயந்திரத்தில் நாலு மை உண்டு. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றையும் நூறு வரைக்கும் விடலாம். நாலையும் முழுதாக விட்டால் நானூறு. நானூறைத் தாங்கும் துணி உலகத்தில் இல்லை. மை குளமாகத் தேங்கும், வழியும், காயாது. ஆகவே எதுவரை விடலாம் என்று எல்லை வைக்க வேண்டும். புதிய துணிச் சுருள் ஒன்று வந்தால், முன்பு வாங்கிய அதே இடத்தில் இருந்து வந்தாலும், தயாளினி அக்கா முதலில் ஒரு முழத் துண்டில் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடிப்பார். மெல்லிய நிறத்தில் தொடங்கி, கூட்டிக்கூட்டிக் கடைசிப் பெட்டி வரைக்கும். பிறகு வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். காத்திருப்பார். பெருவிரலால் தேய்ப்பார். ஒரு பெட்டியில் விரலை நிறுத்துவார்.

"இஞ்சை பார். இதுவரைக்கும்தான் கறுப்புக் கூடுது. இதுக்கு மேலை ஈரம்தான் கூடும்."

இதை அவர் மட்டுக்கட்டுவது என்பார். தூரத்தில் வரும் ஆளை இன்னாரென்று அடையாளம் காண்பதை மட்டுக்கட்டுவது என்று நாமெல்லாம் சொல்வோமே, அதே சொல். வெயில் காலத்துக்கு இருநூற்று அறுபது. மழை காலத்தில் காற்றே ஈரம் என்பதால் இருநூற்று முப்பது. அதைச் சின்னத் துண்டில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். "தயாளினி பெட்டி கீறி விளையாடுறா" என்று வந்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் விடமாட்டார். இறந்தவரின் படத்தை வெள்ளையாக்கித் தரச்சொல்லி ஒருவர் நின்றபோது, "ஆளை வெள்ளையாக்கிப் போட்டு ஆரின்ரை செத்தவீடு செய்யப் போறியள் அண்ணை?" என்று கேட்டார். அந்த அண்ணையும் சிரித்துவிட்டார். அழுதுகொண்டு வந்த மனிதர்!

எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைச்சி. "ஊமைச்சி, ஓம் எண்டு சொல்லத் தெரியும், இல்லை எண்டு சொல்லத் தெரியாது உனக்கு" என்பார். நான் சிரித்துவிட்டுப் போவேன். அந்தப் பகிடிக்குள் இருந்த உண்மையைப் பிறகுதான் கண்டேன்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் நான் இங்கே ஏறினேன்.

கார்த்திகைத் தொடக்கத்தில் பத்மாசினி அம்மாவின் மகன் தேனுஜனைக் கடல் எடுத்தது. இருபத்திரண்டு வயது. முப்பத்தோராம் நாளுக்கு ஒரு பதாகை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். தயாளினி அக்கா அதை இருநூற்று முப்பதில் அடித்து, காயவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். அடித்த பதாகை மேசையில் இருந்தது. எடுத்துப்போகத் தேனுஜனின் தாய்மாமன் வந்தார். விரித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கறுப்புக் காணாது. சாம்பல் மாதிரிக் கிடக்கு. சனம் என்ன சொல்லும்? இன்னும் கொஞ்சம் விட்டு அடி."

இல்லை என்று சொல்லத் தெரியாதவள் நான். அக்கா வரட்டும் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்துப் பழகிய திரைதானே என்று நினைத்தேன். இருநூற்று முப்பதை அழித்தேன். முந்நூற்று இருபது என்று போட்டுத் திரும்ப அடித்தேன்.

கறுப்பு மினுங்கியது. "இதெல்லோ கறுப்பு!" என்று அவர் சந்தோசப்பட்டார். அது கறுப்பு அல்ல, ஈரம். ஈரம்தான் மினுங்கியது. வெளியே மழை. நனையாமல் போகட்டும் என்று நானே அதை முகம் உள்ளே வர நாலாக மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை படலையில் கட்ட விரித்தபோது அது பிரியவில்லை. இழுத்திருக்கிறார்கள். தேனுஜனின் ஒரு பக்கக் கன்னமும் கண்ணும் கழன்று, மற்றப் பாதியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. நெற்றியில் எழுத்துகள் தலைகீழாக. கடலில் இருந்து எடுத்தபோதும் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தாய்க்குக் காட்டவில்லை என்று பிறகு அறிந்தேன். அந்தத் தாய்க்கு இருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

தொலைபேசி அழைப்பு வந்தவுடன் தயாளினி அக்கா திரையைப் பார்த்தார். எத்தனையில் அடித்தது என்பது அதில் பதிந்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார். உரிமையாளர் கேட்டார், "ஆர் அடிச்சது?"

"நான்தான் ஐயா அடிச்சனான். மட்டுப் பிழைச்சுப் போச்சு."

அடைக்கலநாதன் ஐயா, உங்களுக்கு இது இன்றுதான் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப இருநூற்று முப்பதில் அடித்து, காயும் வரை காத்திருந்து, சுருட்டி எடுத்துக்கொண்டு தன் ஸ்கூட்டியில் தொண்டைமானாற்றுக்குப் போனார். பதாகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான் இருந்தேன். படலையில் பத்மாசினி அம்மா நின்றார். கிழிந்த பாதி அவர் கையில் இருந்தது.

"என்ரை பிள்ளையை என்னாலையே மட்டுக்கட்டேலாமல் செய்துபோட்டியேடி! உன்ரை முகத்தையும் ஒரு நாள் ஆரும் மட்டுக்கட்டாமல் போகட்டும்!"

அந்தச் சொல் யாருக்கு வரவேண்டிய சொல்? எனக்கு. யார் முகத்தில் விழுந்தது? தயாளினி அக்காவின் முகத்தில். நான் என்ன செய்தேன்? அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறந்தேனா? இல்லை! அவர் மழையில் நனைந்துகொண்டே நாலு மூலையும் கட்டினார். வரும் வழியில் நான் கேட்டேன், "அக்கா, நோகேல்லையோ?"

"நோகாமல்? நல்லா நொந்தது. அந்த மனிசி ஆரையாவது பேசத்தானே வேணும். கடலைப் பேசி என்ன வரப்போகுது?"

"நான் அடிச்சதெண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உன்னைக் கலைச்சுவிடுவினம். நீ வீட்டுக்குள்ளை போய்ப் பூந்தால் பிறகு வெளியிலை வரமாட்டாய். பேசாமல் இரு. அதுதானே உனக்கு நல்லா வரும்!"

அப்படியே பேசாமல் இருந்தேன். ஐந்து வாரங்கள், இன்று வரைக்கும்.

மார்கழிக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல். இரண்டு நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். மூன்றாம் நாள் உரிமையாளர்தான் ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பார்க்கப் போனபோது அவருடைய முகம் வீங்கி, கண்கள் மூடியிருந்தன. கட்டில் கட்டிலாகத் தேடினேன். அவரைத் தாண்டிப் போனேன். ஆளை என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை. "ஊமைச்சி" என்று குரல் வந்த பிறகுதான் திரும்பினேன்.

"புதுச் சுருள் வந்திருக்கு. மட்டுக்கட்டாமல் அடிக்கவேண்டாமெண்டு சொல்லு."

என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்.

செத்தவீட்டில் ஆட்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். தொண்டைமானாற்று மனிசியின் சாபம் பலித்துவிட்டது என்றார்கள். தயாளினி கவனயீனக்காரி, ஒரு பிள்ளையின் முகத்தைக் கெடுத்ததற்குக் கிடைத்தது என்றார்கள். பத்மாசினி அம்மாவும் அதைக் கேட்டிருக்கிறார். சோறு இறங்காமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அம்மா! தயாளினி அக்காவைக் கொன்றது உங்கள் வாய் அல்ல. நுளம்பு. தேங்கிய மழைத் தண்ணீரில் பெருகிய நுளம்பு. உங்கள் மகனின் முகத்தைக் கெடுத்ததும் தயாளினி அக்கா அல்ல. நான். இந்தக் கை. பதினொரு வருடத்தில் அவர் ஒருவருடைய முகத்தையும் கெடுத்ததில்லை. ஒரு தடவையும் மட்டுப் பிழைத்ததில்லை. நீங்கள் சொன்ன சொல் எங்காவது போய்ச் சேரத்தான் வேண்டும் என்றால், அது என்னிடம் வரட்டும். இதை உங்கள் படலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இனி அதைச் சரிசெய்ய வழியில்லை. சிவக்கொழுந்து அம்மா, உங்கள் மகளின் பெயரை ஐந்து வாரம் அழுக்காக விட்டு வைத்தவள் நான்.

இந்த அச்சகம் என்னை வைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வைத்திருந்தால், புதுச் சுருள் வரும்போதெல்லாம் பெட்டிகள் அடிப்பேன். விரலால் தேய்ப்பேன். யார் வந்து நின்றாலும் இல்லை என்று சொல்வேன். திரையின் ஓரத்தில் அவர் ஒட்டிய துண்டை யாரும் கழற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பின்னால் தொங்கும் பதாகையில் இருப்பது தயாளினி அக்கா. அன்றைக்குப் பிறகு நான் அடித்தது இது ஒன்றுதான். உரிமையாளர் யாரை அடிக்கச் சொல்வது என்று நின்றார், நான் கேட்டு வாங்கினேன். புதுச் சுருளை மட்டுக்கட்டிய பிறகே அடித்தேன். கறுப்புக் காணாது என்று மூன்று பேர் சொன்னார்கள். கூட்டவில்லை. இருநூற்று முப்பது. ஒரு முழு நாள் நிலத்தில் விரித்து வைத்தேன். மடிக்காமல், சுருட்டிக் கொண்டுவந்தேன்.

பத்மாசினி அம்மா, எழும்பி வாங்கோ. கிட்ட வந்து, கன்னத்தில் கையை வைத்துப் பாருங்கோ.

ஒட்டாது அம்மா. ஆளை மட்டுக்கட்டலாம்.