எங்கே மேடத்தின் வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மேடத்தின் கணவர் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் மாணவர்களே, வணக்கம்.

மறைந்த நம் தொழில்நுட்ப எழுத்துப் பேராசிரியர் அவர்களோடு சேர்ந்து அதே பாடத்தை நடத்திய தற்காலிக ஆசிரியன் நான். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தாய் என்றார்கள், தியாகி என்றார்கள், ஒளிவிளக்கு என்றார்கள். மாணவர்கள் வைத்த பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் ‘எங்கே மேடம்’.

அந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு கருவியை எப்படி இயக்குவது என்று எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றையே எழுதுவார்கள்: ‘கீழே காட்டியபடி இணைக்கவும்.’ நாமும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டோம். பிறகு பார்வையற்ற மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். முதல் வாரமே கேட்டாள்: “கீழேன்னா எங்க மேடம்?” வேறு யாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். மேடம் பாடத்தையே பிரித்துப் போட்டார். அன்றிலிருந்து யார் ‘கீழே’ என்று எழுதினாலும் தாளின் ஓரத்தில் ஒரே கேள்வி வரும்: எங்கே?

அவர் வகுப்பில் ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் அந்த எழுத்தை மட்டும் நம்பிச் செய்து காட்ட வேண்டும். எழுதியவர் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும்.

நீங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நெட்டைப் பையன் ஒருநாள் புரொஜெக்டருக்குக் குறிப்பு எழுதினான். ‘சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.’ அந்த மாணவி ரிமோட்டைத் தடவிப் பார்த்தாள்.

“டேய் ஒட்டடை, சிவப்பு சூடா இருக்குமா, சில்லுனு இருக்குமா?”

“அது வந்து, மேல...”

“நீ பேசாதப்பா. உன் பேப்பர் பேசட்டும்” என்றார் மேடம்.

வகுப்பே சிரித்தது. அவன் அடித்து அடித்து எழுதினான். ‘வலது மேல் மூலையில், நடுவில் குழி உள்ள பொத்தான்’ என்று வந்தபோது அவள் தடுமாறாமல் அழுத்தினாள். விளக்கை அணைத்துவிட்டுத்தானே புரொஜெக்டர் போடுகிறோம்? அந்த இருட்டில் சிவப்பு நம்மில் யாருக்குத் தெரிந்தது?

ஆசிரியர் அறையில் இதற்கு என்ன மரியாதை கிடைத்தது? “ஒருத்திக்காக அறுபது பேருக்குத் தண்டனையா மேடம்?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் இங்கே மாலையோடு வந்திருக்கிறார்கள். “ஒருத்திக்கு வெளங்குற மாதிரி எழுதினா அறுபது பேருக்கும் வெளங்கும் சார். இத்தன வருஷமா அறுபது பேரும் வெளங்கின மாதிரி தலையாட்டிட்டு இருந்தாங்க” என்றார் மேடம்.

மருத்துவமனையிலும் அவர் மாறவில்லை. மருந்துச் சீட்டில் ‘தேவைப்பட்டால் ஒரு மாத்திரை’ என்று இருந்ததாம். “யாருக்குத் தேவைப்பட்டா? எத வச்சுக் கண்டுபிடிக்கிறது?” என்று டாக்டரை மடக்கியிருக்கிறார். “நீங்க டீச்சரா?” என்று கேட்டுவிட்டு டாக்டர் போய்விட்டார். “கடைசி வரைக்கும் பதில் வரல தம்பி” என்று மேடத்தின் கணவர் என்னிடம் சொன்னார்.

அன்பர்களே, அவர் இறந்த செய்தியைக் கல்லூரி எப்படி அனுப்பியது தெரியுமா? கறுப்புக் கட்டம் போட்டு, பூ வரைந்து, எழுத்தையெல்லாம் படத்துக்குள் வைத்து அனுப்பியது. அந்த மாணவியின் போன் எழுத்தைத்தான் வாசித்துச் சொல்லும். படத்தைக் கண்டதும் ‘படம்’ என்றது. அவ்வளவுதான். “குட்மார்னிங் படம்னு நெனச்சு அழிச்சிட்டேன் சார்” என்றாள். அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மேடம் இவ்வளவு காலம் தொண்டை வற்றக் கத்தியது யார் காதில் விழுந்தது?

சற்று முன் முதல்வர் அவர்கள் பெரிய அரங்குக்கு மேடத்தின் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தார்கள். கைதட்டினோம். அடுத்த பருவத்திலிருந்து அந்த அரங்கில்தான் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக உட்கார வைத்து, பதிவு செய்த பாடத்தைத் திரையில் ஓட்டப் போகிறார்கள். யாரும் எழுத வேண்டாம், செய்து காட்ட வேண்டாம். தேர்வில் சரியான விடைக்கு வட்டம் போட்டால் போதும். எந்த வகுப்பை ஒழிக்க அவர் போராடினாரோ, அதன் நெற்றியில் அவர் பெயரை ஒட்டுகிறோம். இதுவா அஞ்சலி?

இந்த இடத்தில் ‘அவர் பணியைத் தொடர்வோம்’ என்று உறுதி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கம். இந்தப் பருவத்தோடு என் வேலை முடிகிறது. அதுவரை மேடம் நடத்திய விதத்தில்தான் நடத்துவேன். இந்த உறுதியை மட்டும் என்னால் தர முடியும். அதற்கு மேல் சொன்னால் பொய்.

அந்த மாணவிக்கு இந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி பாக்கி இருக்கிறது. “திரையில ஓட்டினா நான் என்ன சார் பண்றது? காலேஜ விட்டு நின்னுடட்டுமா?” என்று காலையில் கேட்டாள். பதில் சொல்லும் அதிகாரம் மேடையில் இருக்கிறது.

முதல்வர் அவர்களே, மேடம் நடத்திய வகுப்பு இனி இருக்குமா, இருக்காதா? அவள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் தலையை அசைப்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாது. இல்லை என்றாலும் சரி, மைக்கில் சொல்லுங்கள்.