நீலம் அடித்த நாட்கள்

ஐவி: நான் சொல்லத்தான் போறன், அம்மா.

றோஸ்: மெதுவாய்க் கதையடி! அந்த வாங்கிலை இருக்கிறவை பாக்கினம்.

ஐவி: பாக்கட்டும். பேணாட் அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தது வேடிக்கை காட்டவே? உள்ளை டொக்டர் அவரோடை கதைக்கிறார். அடுத்தது எங்களைத்தான் கூப்பிடுவார்.

றோஸ்: கூப்பிட்டால் படுத்த கதையைச் சொல்லு. மூண்டு மாதம் பாயை விட்டு எழும்பேல்லை, சாப்பிடேல்லை... அது காணும்.

ஐவி: போனமுறையும் அதைத்தான் சொன்னனீங்கள். மனச்சோர்வெண்டு குளிசை தந்தார். இப்ப?

றோஸ்: இப்ப பிள்ளை எழும்பினவன். சிரிக்கிறான், துறைமுகத்துக்கு வேலைக்குப் போறான்...

ஐவி: வேலைக்கே? நாலு நாளாய்க் கண்மூடேல்லை. எங்கடை வள்ளத்துக்கு நீலம் அடிச்சார். பிறகு கேக்காமல் கொள்ளாமல் ஸஹாப்தீன் நானாவின்ரை ரெண்டு வள்ளத்துக்கும் அடிச்சார்!

றோஸ்: நானா சிரிச்சவர்தானே.

ஐவி: முதல் வள்ளத்துக்குச் சிரிச்சவர். ரெண்டாவதுக்கு அழாக்குறை.

றோஸ்: அவனுக்கு வேறை நிறமே கிடைக்கேல்லை...

ஐவி: ஏன், நீலமெண்டால் உங்களுக்கென்ன?

றோஸ்: ஒண்டுமில்லை. அது சரி... என்ன சொல்லி அவனைக் கூட்டிவந்தனீ?

ஐவி: ஆஸ்பத்திரிச் சுவருக்கு என்ன நிறம் நல்லதெண்டு டொக்டர் கேக்கிறாராம் எண்டு.

றோஸ்: அடி பாவி! படிச்ச பிள்ளை செய்யிற வேலையே?

ஐவி: படிச்சதாலைதான் செய்தனான். பேராதனைக் கம்பஸிலை என்ரை அறைக்காரிக்கும் இதுதான். கொஞ்ச நாள் பறப்பாள், பிறகு மாதக்கணக்கிலை படுப்பாள். ரெண்டும் ஒரே வருத்தம், ஒரே நோய்தான், அம்மா. நீங்கள் பாதியை ஒளிச்சால் டொக்டர் பாதிக்குத்தான் மருந்து தருவார்.

றோஸ்: அவன் சந்தோசமாய் இருக்கிறதையும் வருத்தமெண்டு எழுதுவிக்கப் போறியே?

ஐவி: சந்தோசமே? நேற்று இறங்குதுறையிலை நிண்டு, கப்பலுக்கு நீந்திப் போறனெண்டு சட்டையைக் கழட்டினவர். ரெண்டு பேர் பிடிச்சிராட்டி...

றோஸ்: ...ஆர் சொன்னது?

ஐவி: பிடிச்சதிலை ஒரு ஆள் நான்.

றோஸ்: மாதாவே! எனக்கு ஏன் சொல்லேல்லை?

ஐவி: சொன்னால் கதவைப் பூட்டிப்போட்டுச் செபமாலை சொல்லுவீங்கள்.

டொக்டர்: வாங்கோ, ரெண்டு பேரும் உள்ளை வந்து இருங்கோ. மகன் நேர்ஸ் மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு சுவர் பாக்கப் போட்டார். இது முந்தியும் வந்ததே?

ஐவி: போன வருசமும் ஒரு கிழமை இப்பிடித்தான், டொக்டர். அதுக்குப் பிறகுதான் படுத்தவர்.

டொக்டர்: இதை அண்டைக்கே சொல்லியிருக்கோணும்! அந்தக் குளிசை இனி வேண்டாம். இன்னொண்டு கேக்கிறன், வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. குடும்பத்திலை வேறை ஆருக்கும் இப்பிடி இருந்ததே? தகப்பனுக்கு?

ஐவி: அப்பாவுக்கு ஒண்டுமில்லை. நான் கைக்குழந்தையாய் இருக்கேக்கை, வள்ளத்திலை வழுக்கிக் கடலுக்குள்ளை விழுந்தவர்... அம்மா? எங்கை எழும்பிறீங்கள்?

றோஸ்: எங்கையும் போகேல்லை... டொக்டர், எங்கடை குசினிச் சுவரிலை சுண்ணாம்பு உரியிற இடமெல்லாம் நீலம் தெரியும். அது இவளின்ரை தகப்பன் அடிச்சது. அஞ்சு நாள், கண்மூடாமல். பிறகு எட்டு மாதம் பாய். பிறகு... அவர் வழுக்கேல்லை. உண்மையைச் சொன்னால் சேமக்காலையிலை குழி தரமாட்டினம் எண்டு, பங்குச் சுவாமியிட்டை அவர் வழுக்கினதெண்டு நான்தான் சொன்னனான். எழுதுங்கோ, டொக்டர்.