பால் டம்ளரின் அடியில்

மனநலப் புறநோயாளிகள் பிரிவின் தலைமைச் செவிலியருக்கு, பணி நிறைவு நாளில் உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

அதட்டிக்கொண்டே அரவணைத்தவரே, வாசல்வரை நீளும் வரிசையை வாடாத முகத்தோடு நகர்த்தியவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் மருந்து நெடியிலேயே வாழ்ந்தும் மனித வாசம் மாறாதவரே, எங்கள் பெரியக்கா அவர்களே, வணக்கம்.

கருணைக் கடலே, கனிவின் சிகரமே என்றுதான் எழுத உட்கார்ந்தோம். மருந்தக ஊழியர் நான்கு பக்கம் எழுதியும் முடித்துவிட்டார். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "தையல்காரர் விஷயத்தையும் எழுதுங்க. இல்லேன்னா எழுத்தே இல்லாம கண்ணாடிச் சட்டத்தை மட்டும் குடுங்க, முகம் பாக்கவாவது ஆகும்" என்றீர்கள். தையல்காரரிடமும் அவர் தங்கையிடமும் அனுமதி கேட்டோம். "பேரு வேணாம். மத்ததெல்லாம் நடந்ததுதானே" என்றார் அவர். நடந்ததையே எழுதுகிறோம்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அந்தத் தங்கை உங்கள் மேசைமுன் வந்து நின்றாள். கணவனை இழந்தபின் அண்ணன் வீடே கதி என்று வந்தவள். அண்ணனுக்கோ, அக்கம்பக்கத்தார் தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று பயம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பயம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிடித்த துணி கோணலாக ஓடியது. இரண்டு முறை வந்து சொன்னார். "அதெல்லாம் வியாதியோட பேச்சு, மருந்தை நிறுத்தாதீங்க" என்று இரண்டு முறையும் அனுப்பிவிட்டோம். மூன்றாம் மாதம் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

"வாயே திறக்க மாட்டேங்கறார் சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதாள் தங்கை.

அன்று இருநூற்றுச் சொச்சம் பேர் வரிசையில் இருந்தார்கள். நீங்கள் கோப்பிலிருந்து தலை நிமிராமலே சொன்னீர்கள்: "பொடி பண்ணி பால்ல கலந்து குடுத்துடும்மா." எங்களில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. நாங்கள் எல்லோருமே எத்தனையோ பேருக்குச் சொன்ன யோசனைதான்.

அவள் கலந்தாள். பதினாறு நாள் கலந்தாள். அண்ணன் முகம் தெளிவதைப் பார்த்து, செய்தது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பதினேழாம் நாள் அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு உள்ளே பார்த்தார். ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண். அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"சர்க்கரைண்ணா."

"சர்க்கரை மஞ்சளா இருக்குமா?"

அவள் டம்ளரை வாங்கக் கை நீட்டினாள். அவர் கத்தவில்லை. டம்ளரை அலம்பிக் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ நான் சொன்னது சரிதான். ஆளு மட்டும்தான் தப்பு."

அதன்பின் தோலோடு வருவதை மட்டுமே சாப்பிட்டார். தானே வாங்கிய வாழைப்பழம், தானே உரித்த முட்டை. தங்கை தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவார். பிறகு அதுவும் இல்லை. எலும்பும் தோலுமாக அவரை இங்கே தூக்கி வந்தபோது, தங்கை நடைபாதைச் சுவரில் சாய்ந்து, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்கா, உங்கள் விருதுகளை நாங்கள் மறந்தாலும் அடுத்த காட்சியை மறக்க மாட்டோம். அவருக்குப் பேச்சு வந்த அன்று கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். "உங்க தங்கச்சி தானா செய்யல. கலக்கச் சொன்னது நான்" என்றீர்கள்.

பின்னால் நின்ற டாக்டர் சங்கடப்பட்டு, "சிஸ்டர், இதெல்லாம் பேஷன்ட்கிட்ட சொல்லணுமா?" என்றார்.

"அவர் குடிச்ச டம்ளர் சார். அவர்கிட்டதான் சொல்லணும்."

தையல்காரர் உங்கள் பக்கம் திரும்பினார். "கை நடுங்குதுன்னு சொன்னேனே, அதையாவது எழுதினீங்களா?" என்று கேட்டார்.

கோப்பைப் புரட்டினீர்கள். ஒரு வரி இல்லை. அவர் பார்க்க, அங்கேயே எழுதினீர்கள். டாக்டரும் அதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். அன்று முதல் மாதந்தோறும் மாத்திரை அட்டையை முழுசாக அவர் கையில் கொடுத்து, இது என்ன செய்யும், என்ன கெடுக்கும் என்று சொல்லியே அனுப்பினீர்கள். நடுக்கம் குறைந்தது. தையல் இயந்திரம் மறுபடி ஓடியது.

ஆனால் அந்த வீட்டில் அடுப்பு இரண்டானது. அவர் தனக்குச் சமைப்பார், அவள் தனக்குச் சமைப்பாள். பேச்சு உண்டு, சிரிப்புகூட உண்டு. "வேளாவேளைக்குச் சாப்பிடறார் சிஸ்டர். என் கையால இல்ல, அவ்வளவுதான்" என்பாள் தங்கை, ஏதோ சின்ன விஷயம் போல. ஒவ்வொரு முறையும் நீங்கள் தலைகுனிந்துகொள்வீர்கள். பதினோரு வருடமாக அந்த ஒன்றுக்கு மட்டும் உங்களிடம் மருந்து இல்லை.

போன வியாழன் உங்கள் கடைசி வியாழன். இனி நீங்கள் வர மாட்டீர்கள் என்றதும் தையல்காரர் அட்டையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இளம் செவிலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கலக்கச் சொல்வீங்களா?"

"மாட்டேன் சார்."

"இந்தம்மாவும் நல்லவங்கதான். அவங்களே கலக்கச் சொன்னாங்களே."

அந்தப் பெண் உங்களைத் திரும்பிப் பார்த்தாள். மருந்து வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். அவர் திரும்பி, நாலடி தள்ளி எப்போதும்போல் ஒதுங்கி நின்ற தங்கையைப் பார்த்தார்.

"இனிமே அவகிட்ட குடுங்க. பிரிக்காம குடுங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். வீட்டில் இன்னும் இரண்டு அடுப்புதான். விசாரித்துவிட்டோம்.

பெரியக்கா, உங்களை நல்லவர் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. செய்த பிழையை, அதற்கு ஆளானவரிடமே போய்ச் சொன்னவர் என்று சொல்ல எங்களுக்குத்தான் வாய்த்தது. உங்கள் பெயரைச் சொல்லி யாரிடமும் நம்பிக்கை கேட்க மாட்டோம். யாருடைய டம்ளரிலும் தெரியாமல் கலக்கச் சொல்ல மாட்டோம். உடம்பு இப்படிச் செய்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் எழுதுவோம்.

மருந்தே தேவைப்படாத நெடும் ஆண்டுகள் உங்களுக்கு அமையட்டும். என்றாவது தேவைப்பட்டால், கொடுப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்து, இன்னதென்று சொல்லிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வரிசையைக் காரணம் காட்டி அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட,
மனநலப் புறநோயாளிகள் பிரிவு ஊழியர்கள்