அத்தை தைத்த போர்வை

புதுத் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டவே கூடாது, டாக்டர். தையல் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். நனைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் சலவையிலேயே ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது. நடுவில் இருக்கிற தையல் பாவம், இரண்டுக்கும் இழுபட்டுக் கோணிப்போகும். என் நாத்தனாரிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சுருங்கினா சுருங்கட்டுமே, போர்வைதானே" என்று சிரிப்பார். எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்களே, அங்கேதான் ஆரம்பித்தது.

உங்கள் முகத்தைப் பார்த்தால் இதைக் கேட்க நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் துணியைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பல வருஷம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் உடம்புக்குப் பொருந்தாத உடுப்பைப் பொருந்த வைப்பதுதான் என் பிழைப்பு. நான் வேலையைச் சரியாகச் செய்தால் அது யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட்டால் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு பாராட்டை எதிர்பார்க்கிறவளுக்குப் புத்தி இல்லை என்றுதான் சொல்வேன். நான் எதிர்பார்த்ததே இல்லை.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. அவருடைய கணவர் தவறிப்போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். அப்போது எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்வார், நீ வேலைக்குப் போகலாம் என்று கணவர் சொன்னார். போனேன். மகள் நடை பழகியது, பல் முளைத்தது, பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது, எல்லாவற்றையும் நான் சாயங்காலம் வந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் முதலில் சொன்ன சொல் 'அத்தை'. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷி. வாய் ஓயாது, கை ஓயாது. அறைக்குள் வந்தால் விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது என்று என் கணவர் சொல்வார். நான் வந்தால் என்ன மாதிரி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. இந்தக் குளிர்காலத்தில் புது வீட்டுக்குக் குடி போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தாள். நாங்கள் மூவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம், ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. வீடு வெள்ளைச் சுவரும் வெள்ளைத் திரையுமாக ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அத்தை, வசந்தம் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைச்சுக் குடுங்க. நல்லா கலர் கலரா. பழைய துணியெல்லாம் போட்டு."

அவளுடைய அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், டாக்டர். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி வந்த அம்மா. எனக்குக் கோபம் வரவில்லை. தைக்கத் தெரிந்தவளை விட்டுவிட்டுத் தெரியாதவரிடம் கேட்கிறாளே என்று கொஞ்சம் எரிச்சல்தான். அது தொழில் சம்பந்தப்பட்ட எரிச்சல்.

மறுநாளே நாத்தனார் பெட்டியைத் திறந்து கடை பரப்பிவிட்டார். மகளின் பள்ளிச் சீருடை, என் கணவரின் பழைய சட்டைகள், திரைத்துணி, அவருடைய சொந்த உடுப்புகள் எல்லாம் வெளியே வந்தன. அளவு நாடா கிடையாது, சாக்கட்டி கிடையாது. கண்மதிப்பில் வெட்டுவார். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, ஊதாவுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை. ஊசியைச் சோபாக் கையில் குத்தி வைத்துவிட்டு ஃபோன் பேசப் போய்விடுவார். தையல் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவே பல் கூசும்.

நான் தைத்துத் தருகிறேன், நீங்கள் துணியை மட்டும் எடுத்து வையுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் என் தோளைத் தட்டி, "கடையில தைக்கிறது போதாதா உனக்கு? வீட்டுக்கு வந்தும் ஊசியா? போ, காலை நீட்டி உக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

அவர் காலையில் பூங்காவுக்கு நடக்கப் போவார். நான் வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கும். ஒரு நாள் அந்தக் கோணல் தையல் ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை. பிளேடை எடுத்துப் பிரித்தேன். நேராகத் தைத்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். பிரித்த துண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நேத்தே தைச்சு முடிச்சேனே" என்றார்.

நான்தான் பிரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவரும் திட்டியிருக்க மாட்டார், சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தபோது என் வாயில் வேறு பதில் வந்தது. "இல்லையே அண்ணி, தைக்கணும்னு எடுத்து வெச்சீங்க. தைக்கல" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்படியா? வயசாகுது பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தார். மறுபடியும் கோணலாகத்தான் தைத்தார்.

அதற்குப் பிறகு நான் அநேகமாகத் தினமும் பிரித்தேன். சில நாள் ஒரு வரிசை, சில நாள் ஒரே ஒரு துண்டு. சில நாள் மஞ்சளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீலத்தை வைத்துக் கையால் தைத்துவிடுவேன். அவர் வந்து பார்த்து, நான் இங்கே மஞ்சள்தானே வைத்தேன் என்பார். நான் இல்லை என்பேன். இதற்கெல்லாம் நிறைய வேலை பிடித்தது, டாக்டர். கடையில் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு வருகிறவளுக்கு இது கூடுதல் பாரம். அதை யாரும் யோசிப்பதில்லை.

கத்தரிக்கோலை ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் நான்தான். அது தையலோடு சேராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாத்தனாரின் மறதியைப் பற்றி நான் எடுத்துச் சொன்னபோதெல்லாம் என் கணவர், "அக்காவுக்குச் சும்மா மறதிதான், பெரிசு பண்ணாதே" என்று என்னையே அடக்க ஆரம்பித்திருந்தார். அந்த வீட்டில் நான் சொல்வதை எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தது என் கணவர்தான். கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து, அக்காவின் தையல் பெட்டியில் கொண்டுபோய் வைத்தார்.

நாத்தனார் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அடுப்பைப் பற்றவைக்கப் பயந்தார். வெளியே போனால் வழி தெரியாமல் போய்விடுமோ என்று பூங்காவுக்குப் போவதையும் நிறுத்தினார். இதனால் எனக்குத்தான் சிரமம், அவர் எழுந்து குளிக்கப் போகிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டார். "நீ கொஞ்சம் பக்கத்துல உக்காரேன்மா. நான் எதைத் தைச்சேன், எதைத் தைக்கலைன்னு நீ ஞாபகம் வெச்சுக்கோ. என்னை நானே நம்ப முடியல. உன்னை நம்பலாம்" என்றார். உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. சிவப்புத் துண்டையும் பச்சைத் துண்டையும் சேர்த்து மெதுவாகத் தைத்தார். அன்றைக்கு மட்டும் நேராகவே தைத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். முடித்துவிட்டு என்னிடம் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலையில் அந்த இரண்டு துண்டும் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நேற்று நீங்கள் தைக்கவே இல்லை அண்ணி, சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று நானாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பிறகு அவரை உங்களிடம் கூட்டி வந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். நீங்களும் அவரிடம் கேட்டதைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டீர்கள். கூடவே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற இந்த இல்லத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அவரே. தம்பிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றார். கிளம்பும்போது பாதிப் போர்வையை மடித்து என் கையில் கொடுத்து, எப்படியாவது முடித்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடு என்றார். வாங்கிக்கொண்டேன். முறைப்படி என்னிடம் கேட்டு அந்தப் போர்வை என் கைக்கு வந்தது அப்போதுதான்.

முழுவதையும் பிரித்தேன். துண்டுகளை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அளந்து வெட்டினேன். நிறங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தினேன். மெஷினில் ஓட்டியிருக்கலாம், ஆனால் கையாலேயே தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. மூலையில் நாலு துண்டு சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு மேடு தெரியாது.

அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டலாம் என்று இங்கே எடுத்து வந்தேன். அதுதான் நான் செய்த தவறு. ஓரத்தை மடித்துக் கையால் தைக்கும்போது வலக்கைக்காரர் நூல் ஒரு பக்கமாகச் சாயும், இடக்கைக்காரர் நூல் மறுபக்கமாகச் சாயும். அவருக்கு இடக்கைப் பழக்கம். தொழில்காரி நான், இதை மறந்திருக்கக் கூடாது. அவர் போர்வையை மடியில் விரித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு சொன்னார்: "வீட்ல சில துண்டுல நூல் இப்படித்தான் மாறிச் சாஞ்சிருந்துச்சு. என் கைதான் தடுமாறுதுன்னு நெனச்சேன். அது என் கை இல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீயாம்மா?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று மறுபடி மறுபடி சொன்னார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் தைத்ததே அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நான் ஏதோ சதி செய்தேன் என்கிறார் என்று சொன்னேன். அதற்குள் அவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார், அதனால் நான் சொன்னது பொருந்திப்போயிற்று. ஊசி போட்டார்கள். போர்வையை அவர் பிடியிலிருந்து எடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கேயும் கிழியவில்லை.

இங்கே வேலை செய்கிற ஆயா ஒருவர் அதையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பிறகு நாத்தனாருக்குத் துணித்துண்டுகளும் மொட்டை ஊசியும் கொடுத்துத் தைக்கச் சொல்லி, தினமும் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தாராம். பூட்டி வைத்த எந்தத் தையலும் பிரியவில்லை, நாத்தனார் எதையும் மறக்கவும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனாலும் இன்றைக்கும் அவர் துண்டைக் கையில் எடுத்ததும், இது நான் தைத்ததுதானே என்று ஆயாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாராம். இதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியதைக் கவனித்தேன். அதனால்தான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

என் கணவர் வெளியே வராந்தாவில் இருக்கிறார். அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மகளுக்கும் ஃபோன் செய்யப் போவதாகச் சொன்னீர்கள். போர்வை போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவள் எனக்கு ஃபோன் செய்தாள். உடம்பு சரியில்லாத நிலைமையிலும் அத்தை எவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறார்கள் பார்த்தாயா அம்மா, உனக்குக்கூட இப்படி வராது என்று சொல்லி அழுதாள். நான் ஆமாம் என்றேன்.

அவளிடம் எதையும் மறைக்க வேண்டாம், டாக்டர். நான் செய்ததை எல்லாம் செய்தபடியே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், அவள் ஃபோனை வைத்துவிடுவதற்கு முன்னால், அந்தத் தையல் என்னுடையது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.