நானூத்திப் பன்னெண்டாவது பதில்

மகாரேனா: நானூத்திப் பன்னெண்டாவது பதிலுக்கு நீ எவ்வளவு மார்க் போட்டே?

நிபால்டோ: மரியாதைக்கா? ரெண்டு.

மகாரேனா: மூணுக்கு ரெண்டா! நான் பூஜ்யம் போட்டிருக்கேன்.

நிபால்டோ: சரி, ஒண்ணுன்னு வெச்சுட்டு அடுத்ததுக்குப் போவோம்.

மகாரேனா: இதென்ன சந்தையா, பேரம் பேச? நெட்ல வந்த பதில்களை ஆராயற வேலை இது; நம்ம மார்க் ஒத்துப் போகலன்னா ரெண்டு பேரும் பேசித்தான் முடிக்கணும்னு பேராசிரியை சொல்லியிருக்காங்க. படி.

நிபால்டோ: நீயே படியேன்...

மகாரேனா: நீ படி.

நிபால்டோ: "வீட்டையெல்லாம் யாரும் பிடுங்க மாட்டாங்க அம்மணி. புது அரசியல் சாசனம் புரியலன்னா போய் ரொட்டி சுடுங்க. உங்கள மாதிரி..."

மகாரேனா: ஏன் நிறுத்திட்டே?

நிபால்டோ: "...உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஓட்டு ஒரு கேடா?" போதுமா?

மகாரேனா: இதுக்கு ரெண்டு மார்க்!

நிபால்டோ: தகவல் சரிதானே? புது சாசனத்துக்கான வாக்கெடுப்பு சமயத்துல நம்ம வால்டிவியா ஊர் பூரா அதே புரளி. வீடு போச்சு, வாசல் போச்சுன்னு. தினம் நூறு பேருக்குப் பதில் சொன்னா எவனுக்கும் எரிச்சல் வரும்.

மகாரேனா: தகவலுக்கு வேற கட்டம் இருக்கு, அங்க மூணு போட்டுக்க. இது மரியாதைக் கட்டம். அந்தம்மா புரளியா கிளப்பினாங்க? "சரின்னு ஓட்டுப் போட்டா என் வீடு எனக்கே இருக்குமா"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

நிபால்டோ: அப்ப அது அப்படித் தோணல...

மகாரேனா: யாருக்கு?

நிபால்டோ: எழுதினவனுக்கு! வேற யாருக்கு?

மகாரேனா: ரொம்பத்தான் வக்காலத்து வாங்கறே அவனுக்கு.

நிபால்டோ: பேரெல்லாம் அழிச்சுத்தான் நமக்குக் கொடுத்திருக்காங்க. யாரோ ஒருத்தன். அவன் மேல உனக்கென்ன இவ்வளவு கோபம்?

மகாரேனா: நாப்பத்தாறு பேர் கீழ சிரிப்புக்குறி போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் அந்தம்மா அங்க ஒரு வரி எழுதல. பாத்தியா?

நிபால்டோ: ...பாத்தேன்.

மகாரேனா: பாத்துட்டுமா ரெண்டு?

நிபால்டோ: பூஜ்யமே போடு. ஆள விடு.

மகாரேனா: மார்க்கை மாத்தினா காரணம் எழுதணும். சொல்லு, எழுதறேன்.

நிபால்டோ: ஏதாவது எழுதிக்கயேன்...

மகாரேனா: நீ சொல்லு, நிபால்டோ.

நிபால்டோ: ...எழுதினது நான்தான், மகா. பஸ்ல நின்னுக்கிட்டே தட்டினேன். கேட்டது யாருன்னுகூடப் பாக்கல. சத்தியமா.

மகாரேனா: தெரியும். எங்கம்மா போன்ல உன் பேரு அப்படியே இருக்கு. அவங்க கேக்கவே கூச்சப்பட்டாங்க. "படிச்சவங்க இருக்கற பக்கம்மா, கேளு, நல்லபடியாச் சொல்லுவாங்க"ன்னு உக்கார வெச்சு எழுதச் சொன்னது நான்.