எங்கள் பெயர்களின் மேல் வெட்டுங்கள்

“மேல் பக்கமே வெட்டலாம், என் பேரு போனா போகட்டும்னு எத்தனை தடவை—”

“நீ சும்மா இரும்மா. கீழ்ப் பக்கம் தள்ளினா மெஷின் என் பேரு மேல போகும், எனக்கு அதுல ஒரு—”

“—எத்தனை தடவை சொல்றது? உங்க பேரு உள்ளங்கைப் பக்கம் இருக்கு சார், அங்க மெஷின் வளைஞ்சு வளைஞ்சு போகணும்.”

“—ஒரு வருத்தமும் இல்லங்கறேன்! நான் என்ன மகாராசாவா, என் பேரு அழிஞ்சா நாடு அழிஞ்சிடுமா? கீழ்ப் பக்கம் வெட்டும்மா!”

முறிந்த எலும்புகளை முறுவலோடு சேர்த்து வைத்த முதல்வரே! மாவையும் துணியையும் கொண்டு மனிதரை மறுபடி நடக்க வைத்த மாண்பாளரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இம்மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையை அதட்டியும் அணைத்தும் ஆண்டு, இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய ‘கட்டு அண்ணன்’ அவர்களே! வணக்கம்.

மடலின் முகப்பில் மங்கல மொழியை வைப்பதே முறை. நாங்களோ சண்டையை வைத்துவிட்டோம், பொறுத்தருள்க. மேலே கேட்ட குரல்களுள் ஒன்று, பதினொரு ஆண்டுகளாக உங்கள் பக்கத்தில் நின்று ஏச்சும் பேச்சும் வாங்கிய நர்ஸ் தங்கச்சியுடையது. மற்றொன்று மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் சாருடையது. நேற்று மதியம் மருந்து ஜன்னலுக்கு முன்னால், வரிசையில் நின்ற நோயாளிகள் தம் நோவை மறந்து வேடிக்கை பார்க்க, இருவரும் போட்ட சண்டை இது. சண்டைக்குப் பொருளாகிய உங்கள் இடக்கை மாவுக்கட்டை, இதோ, மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு எதுவும் அறியாதவர்போல் அமர்ந்திருக்கிறீர்கள்.

அதைப் பற்றிப் பேசவே வந்தோம். அதற்கு முன், உங்களைப் புகழாமல் விட்டால் சபை எங்களை விடாது.

தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே மாவுத் துணியை நனைக்கும் நிதானத்தைப் பாடுவதா! கட்டைப் பிரிக்கும் மெஷினின் இரைச்சலுக்கே மிரண்டு அலறும் குழந்தைகளின் எதிரே, ஓடுகிற மெஷினை முதலில் உங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “பாத்தியா, மாவைத்தான் கடிக்கும், ஆளைக் கடிக்காது” என்று சொல்லிச் சொல்லியே முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த ஒரே உள்ளங்கையை நீட்டிய பொறுமையைப் பாடுவதா! பெரிய டாக்டரையே “சார், நீங்க எக்ஸ்ரேயைப் பாருங்க, கட்டை நான் பாத்துக்கிறேன்” என்று வாசலில் நிறுத்திய வீரத்தைப் பாடுவதா!

இவை எல்லாவற்றிலும் மேலாக நாங்கள் பாட விரும்புவது உங்கள் பென்சிலை.

மற்ற இடங்களில் மாவுக்கட்டு காய்ந்ததும் நோயாளியை அனுப்பிவிடுவார்கள். நீங்கள் காதிலிருந்து பென்சிலை எடுத்து, கட்டின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவீர்கள். பிற்பாடு மெஷின் போகப்போகும் பாதை அது. “சொந்தக்காரங்க, கூடப் படிக்கிறவங்க யாரு வேணா எழுதட்டும். கோட்டு மேல மட்டும் எழுத விடாதீங்க. அன்பா எழுதினதை நான் அறுக்கக் கூடாது” என்பீர்கள். ஆறு வாரம் கழித்துக் கோட்டில் வெட்டி, இரண்டு பாதியையும் ஒரு எழுத்து சிதையாமல் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுப்பீர்கள். எத்தனை வீட்டு அலமாரிகளில் அந்தப் பாதிகள் இன்னும் இருக்கின்றனவோ!

எழுத ஆள் இல்லாதவர்களுக்கு நீங்கள் செய்ததை இச்சபை அறியாது. கால் முறிந்து வந்த அந்த லாரி டிரைவரை நினைவிருக்கிறதா, அண்ணே? வெகு தூரத்து ஊர்க்காரர். பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லை. நான்காம் நாள் நீங்கள் வராந்தாவில் நின்று குரல் கொடுத்தீர்கள்.

“எல்லாரும் வாங்க. ஒரு மனுசன் காலு வெள்ளையா கிடக்கு.”

“அண்ணே, எனக்கு அவரைத் தெரியவே தெரியாதே. என்னன்னு எழுதுறது?”

“தெரிஞ்சவங்களுக்கு எழுதுறது பெரிய விசயமா? வந்து எழுதும்மா.”

அன்று பதினாறு பேர் எழுதினோம். அவர் காலைத் தூக்கித் தூக்கிப் படித்துக்கொண்டே இருந்தார். இரண்டு வாரத்தில் பதினாறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நாங்கள் செய்த பிழையை இப்போது சபையறியச் சொல்லிவிடுகிறோம்.

ஓய்வு பெற ஏழு வாரம் இருக்கையில், மேல் தட்டிலிருந்த துணிப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினீர்கள். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நீங்கள் ஒரு பக்கம் போனீர்கள், மணிக்கட்டு மூன்றாவது பக்கம் போனது. ஊசி போட்டு உங்களைத் தூங்க வைத்து, பெரிய டாக்டர் எலும்பைச் சேர்க்க, நர்ஸ் தங்கச்சி அழுதுகொண்டே கட்டினார். கட்டு நன்றாக வந்தது. பென்சிலைத்தான் மறந்துபோனார். நீங்கள் கண் விழிக்குமுன் எழுதிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாங்களும் கோட்டைத் தேடவில்லை. உங்கள் கட்டைவிரல் பக்கம் உடம்போடு ஒட்டிக் கிடந்ததால் அது தப்பியது. சுண்டுவிரல் பக்கம், நடுவில், மேலே, கீழே என்று முண்டியடித்து எழுதித் தீர்த்தோம். விழித்ததும் நீங்கள் வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

“கோடு எங்கம்மா?” என்றீர்கள்.

சுண்டுவிரல் ஓரத்தில், மெஷின் போக வேண்டிய அதே இடத்தில், நீளவாக்கில் எழுதியிருந்தவர் வாசல் காவலர் விசில் ஐயா. இருபது ஆண்டுகளாக அவருக்கும் உங்களுக்கும் ஒரே சண்டை. ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் உங்கள் ஸ்கூட்டரை நிறுத்துவீர்கள். அவர் விசிலை ஊதுவார்.

“யோவ், எடுய்யா வண்டிய!”

“ஊதிக்கிட்டே இரு, விசிலு. உனக்கு நெஞ்சுக்கு நல்ல பயிற்சி!”

பிறகு இருவரும் ஒரே டம்ளர் டீயை இரண்டாக ஆற்றிக் குடிப்பீர்கள். அவர் உங்கள் கட்டில் எழுதியது இவ்வளவுதான்: ‘ஆறு வாரம் என் கேட்டில் உன் ஸ்கூட்டர் இல்லை. நிம்மதி.’

அந்த நிம்மதி அவருக்கு நான்கு வாரமே வாய்த்தது. ஒரு நாள் காலை வேலைக்கு வரவில்லை. வீட்டிலேயே தூக்கத்தில் போய்விட்டார் என்று அவர் மகள் வந்து சொன்னாள். நீங்கள் கட்டுப் போட்ட கையோடு அவர் வீட்டு வாசலில் நாள் முழுக்க நின்றீர்கள்.

ஆறு வாரம் முடிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லி இன்றோடு ஏழு நாள். முதல் நாள், மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது என்றீர்கள். மறுநாள், கூட்டம் அதிகம் என்றீர்கள். அதற்கு மறுநாள், இந்தக் கட்டு உடம்புக்குச் சுகமாக இருக்கிறது என்றீர்கள். சொல்லிவிட்டு, எந்த வேலையை நோயாளி செய்தால் நீங்கள் காட்டுக் கத்தல் கத்துவீர்களோ அதே வேலையை, ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியும் வேலையை, கதவுக்குப் பின்னால் நின்று செய்தீர்கள். பார்த்தோம்.

பெரிய டாக்டரும் சொல்லிப் பார்த்தார்.

“விரல் இறுகுது. இன்னும் ஒரு வாரம் விட்டா சட்டை பட்டன் போட ஆள் வேணும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“முப்பத்து மூணு வருசமா நீங்க ஊருக்கெல்லாம் சொன்னதைத்தானே நான் சொல்றேன்?”

“ஆமா சார்.”

“அப்ப?”

“நாளைக்குப் பாக்கலாம் சார்.”

வெட்டும் இடத்தை இரண்டு விரல் தள்ளிக்கொள்ளலாமே என்று நர்ஸ் தங்கச்சி கேட்டதற்கு, “ஒருத்தர் எழுதினதைக் காப்பாத்த இன்னொருத்தர் எழுதினதை வெட்டுவேனா? எல்லாம் ஒண்ணுதாம்மா எனக்கு” என்று நீங்கள் சொன்ன பதில் உங்கள் நேர்மைக்குத் தகும். ஆனால் அண்ணே, அதற்கப்பாலும் ஒன்று உண்டு. அதை நாங்கள் அறிவோம். சாப்பாட்டு வேளையில் கட்டு அறை வாசல் வழியே போன ஆம்புலன்ஸ் டிரைவர், நீங்கள் ஜன்னலோரம் கையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசியதைக் கேட்டுவிட்டார். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. கேட்டபின் நகர முடியவில்லை என்கிறார்.

“யோவ் விசிலு, கட்டைப் பிரிச்சா வண்டிய எடுத்துடுவேன்யா. எடுத்தா உன் கேட்டுலதான் வந்து நிறுத்துவேன். ஊத யாரு இருக்கா?”

விசில் ஐயாவின் வரியை அறுத்துவிட்டு இன்னொரு தாளில் அழகாக எழுதித் தருகிறோம் என்று சொல்லும் அளவுக்கு அறிவிலிகளும் அல்லோம் நாங்கள். போனவர் வந்து மறுபடி எழுதப்போவதில்லை. ஆனால் எங்களுக்குக் கை இருக்கிறது, பேனா இருக்கிறது. உங்கள் கட்டில் எழுதிய அத்தனை பேரும் அவரவர் எழுதியதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், இம்மடலில் இரண்டாம் முறை எழுதுகிறோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

நர்ஸ் தங்கச்சி: ‘பயந்துகிட்டே கட்டினேன் அண்ணே. இறுக்கமா இருந்தா திட்டுங்க, தளர்வா இருந்தாலும் திட்டுங்க.’

பார்மசிஸ்ட்: ‘கோபம், காலை பாதி, மதியம் பாதி, இரவு வேண்டாம்.’

ஆம்புலன்ஸ் டிரைவர்: ‘நான் வண்டி வச்சிருக்கேன், நீங்க ஸ்டூல்ல இருந்து விழுந்து நடந்தே வந்துட்டீங்க. எனக்கு எவ்வளவு அவமானம்.’

வார்டு கூட்டும் அக்கா எழுத்து அறியாதவர். கட்டில் ஒரு துடைப்பம் வரைந்தார். இங்கும் வரைந்திருக்கிறார். போன தடவையைவிட இது நன்றாக வந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

பெரிய டாக்டர் அன்று எழுதியதையும் எங்களால் படிக்க முடியவில்லை, இன்று எழுதியதையும் முடியவில்லை. பார்மசிஸ்ட் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, “ஒரே விசயம்தான், நல்ல விசயம்தான்” என்று உறுதி கூறினார்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார்: ‘வீட்டுப் பரணில் ஏறச் சொன்னால் மட்டும் வயசாயிடுச்சு. ஆஸ்பத்திரி ஸ்டூலுக்கு வயசாகலையா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.’

இனி, சண்டையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா என்று மருந்து ஜன்னலில் தொடங்கியது மாடி வரை போய், பெரிய டாக்டர் தீர்ப்புச் சொன்னார்: புறங்கைப் பக்கம் இரண்டு விரல் தள்ளி, நேர்கோடாக. அவ்வழியில் நர்ஸ் தங்கச்சியின் பெயர் போகிறது, பெரிய டாக்டரின் எழுத்துப் போகிறது, துடைப்பத்தின் காம்பு போகிறது. தம் பெயர் தப்பிவிட்டதே என்று பார்மசிஸ்ட் இன்று காலை முதல் எங்கள் யாரோடும் பேசவில்லை. விசில் ஐயாவின் வரி முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை முழுதாக உங்கள் வீட்டுக்கு வரும். பஞ்சு வைத்துச் சுற்றித் தர அக்கா இப்போதே பெட்டியோடு நிற்கிறார்.

எங்கள் பெயர்களை நீங்கள் அறுப்பதாக எண்ண வேண்டாம். நாங்களே கொடுக்கிறோம். எழுத ஆளில்லாதவர்க்கெல்லாம் எங்களை இழுத்து வந்து எழுத வைத்தவரே, எழுதியதை இன்னொருவருக்காக விட்டுக்கொடுக்கவும் எங்களுக்கு மனம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அன்பு அண்ணனே! ஆயிரமாயிரம் கைகளை அசைய வைத்த உங்கள் கை அசையாமல் இறுகிப்போக நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். சட்டைப் பொத்தானை நீங்களே போட்டு, சாவியை நீங்களே திருகி, பேரப்பிள்ளைகளை இரு கையாலும் தூக்கி, அண்ணியாரின் பரணில் அச்சமின்றி ஏறி இறங்கி, நோயின்றி நொடியின்றி நூறாண்டு வாழ்க! ஓய்வு உங்களுக்கு உவப்பாகுக! ஸ்கூட்டரை எடுங்கள். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் ஆம்புலன்ஸ் திரும்பும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஊத ஆளிருக்க மாட்டார். அதற்கு எங்களிடம் மருந்தில்லை. ஆனால் நீங்கள் இறங்கும்வரை கூட நிற்க நாங்கள் இருப்போம்.

இங்ஙனம்,
கட்டு அறை, மருந்து அறை, எக்ஸ்ரே அறை, வார்டு, ஆம்புலன்ஸ், சீட்டு எழுதும் கவுண்டர் ஆகிய எல்லா இடத்து ஊழியர்களும்.

இம்மடலைச் சபையில் படிப்பவர் நர்ஸ் தங்கச்சி. மெஷின் மேசையருகே தயாராக இருக்கிறது. கடைசி வரியைத் தாமே சொல்வதாக எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்:

“அண்ணே, போதும். கையை மேல எடுத்து இந்த மேசை மேல வைங்க.”