பின்சீட்டு

இன்னும் நெருங்கி உட்காருங்கள். பொம்மிடிக்கு ரயில் வர நேரமிருக்கிறது.

மாலை ஏழு மணி. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் காட்டுச் சாலை. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை...

இது என் நண்பன் இனிகோவின் அக்கா சில்வியாவுக்கு நடந்தது. அவள் கணவர் மரிய ஆனந்த், ஒகேனக்கல்லில் ஒரு லாட்ஜில் மேனேஜர். தினமும் காரில் தனியாகத்தான் பென்னாகரம் திரும்புவார். ஆனால் பக்கத்து சீட் நனைந்திருக்கும். ஆற்றுப்பாசி வாடை. தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை.

"யாருங்க ஒக்காந்து வந்தது?"

"யாருமில்ல. தண்ணி பாட்டில் கவுந்திடுச்சு."

தினமுமா கவிழும்?

ஒரு நாள் சில்வியா சொல்லாமல் பஸ் ஏறி லாட்ஜ் வாசலில் போய் நின்றாள்.

"நானும் கார்லயே வர்றேங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "நீ பஸ்ஸுல போயிடேன்."

சந்தேகம் உறுதியானது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

காட்டுக்குள் ஒரு வளைவு. ஆளில்லாத இடம். கார் நின்றது.

"யாருக்காக நிறுத்துறீங்க?"

ஒரு நிமிடம் கழித்து அவர் மறுபடி வண்டியை எடுத்தார்.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அந்தச் சத்தம். சில்வியா போட்டிருந்தாள். அவரும் போட்டிருந்தார். எரிந்த சிவப்பு விளக்கு பின்சீட்டுக்கானது.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. பாசி வாடை மட்டும், குப்பென்று.

மரிய ஆனந்த் கண்ணாடியை லேசாகச் சாய்த்தார். பின்னால் பார்த்தார்.

"பெல்ட் போடும்மா."

டக்.

சத்தம் நின்றுவிட்டது...

மறுநாளே சில்வியா பொம்மிடிக்கு, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கலாம் என்றான் இனிகோ.

"பேய்க்கு நான் பயப்படலடா," என்றாள். "கல்யாணமாகி எட்டு வருசம். அப்படியொரு கொரல்ல அவரு எங்கிட்ட பேசினதே இல்ல."

முதலில் அவர் தினமும் போன் செய்து வரச் சொல்லிக் கெஞ்சினார். போன வாரம் போன் வருவது நின்றது. சில்வியாவை வீட்டில் விட்டுவிட்டு, இனிகோ மட்டும் பென்னாகரம் போனான். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையெடுத்தான். எதிர்வீட்டு மாதம்மாள் துணி காயப்போட்டபடியே சிரித்தாள்.

"மாப்ள வேலைக்குப் போயிட்டாரு தம்பி. ஒங்கக்கா உள்ளதான் இருக்காங்க. கூப்புடுங்க."

இனிகோ கூப்பிடவில்லை.

ஆனால் உள்ளே யாரோ தாழ்ப்பாளை நீக்கினார்கள்.